ஐஸ் படாமல்

பண்ணையில் வேலைக்குச் சேர்ந்த அன்று எனக்குக் கிடைத்த முதல் பாடம், சவர்க்காரம் போட்டுக் கழுவாதே என்பதுதான். சின்ன வயதிலிருந்து எதையும் சவர்க்காரம் போட்டுத் தேய் தேய் என்று கேட்டே வளர்ந்தவளுக்கு இது புதினமாக இருந்தது. கண்ணாடிக் குழாயில் சவர்க்காரத்தின் மிச்சம் ஒரு துளி ஒட்டியிருந்தாலும் சேவலின் விந்து செத்துப்போகும். பச்சைத் தண்ணீர் பட்டாலும் சாகும். வெயில் பட்டால் சாகும், எச்சம் கலந்தால் சாகும், எடுத்து வைத்துவிட்டு வாய் பார்த்துக்கொண்டு நின்றாலும் சாகும். தொட்டாற்சிணுங்கிகூட இதைவிடத் தேவலை என்று முதல் கிழமையே முடிவு கட்டிவிட்டேன்.

எங்கள் தோட்டம் கஹவத்தைக்கு மேலே, ரப்பர் டிவிசன். கிழட்டு மரங்களை வெட்டி எடுத்த ஒரு பக்கத்து மலையைக் குத்தகைக்கு எடுத்து ஒரு முதலாளி கோழிப் பண்ணை போட்டார். கடைக்குக் குஞ்சு கொடுக்கும் தாய்க் கோழிகளை வளர்க்கும் பண்ணை. பேடுகள் ஒரு கூட்டில், சேவல்கள் ஒரு கூட்டில். இரண்டும் ஒன்றை ஒன்று பார்ப்பதே இல்லை. அவற்றுக்கு நடுவில் இருந்தது நாங்கள்தான், தோட்டத்திலிருந்து போன சில பெண்கள்.

ஒருத்தி சேவலைப் பிடித்துக்கொள்வாள். இன்னொருத்தி முதுகிலிருந்து வால் வரை தடவிக் கொடுத்து, வாலடியில் பதமாக அமுக்குவாள். அவ்வளவுதான், கொஞ்சம் பால் மாதிரி வரும். கெட்டியாக, வெள்ளையாக இருந்தால் நல்லது. தண்ணீராகவோ மஞ்சளாகவோ சுண்ணாம்புத் துகள் போலக் கலந்தோ வந்தால் கொட்டிவிட வேண்டும். எச்சம் கலக்கக் கூடாது என்பதற்காக, எடுப்பதற்கு முதல் நாள் சாயங்காலத்திலிருந்தே சேவல்களுக்குத் தீனி கிடையாது. பசியோடு நின்று எங்களை முறைக்கும். பண்ணையில் யாரும் விந்து என்று வாய்விட்டுச் சொல்லமாட்டோம். "டியூப் ரெடியா?" என்போம், "டியூப் போகுது" என்போம். அதிலேயே எல்லாம் அடக்கம்.

எங்கள் வீட்டு வரிசையான லயத்தில் கேலிக்குக் கேட்க வேண்டுமா? சாயங்காலம் நான் பஸ்ஸை விட்டு இறங்கி மேலே ஏறும்போது பைப்படியில் நிற்கிறவர்கள் கேட்பார்கள்.

"என்னா புள்ள, இன்னைக்கு எத்தன கல்யாணம் முடிச்சு வச்ச?"

"ஷெட்டு நெறய. ஒங்க வீட்டு சேவலுக்கும் ஒன்னு பாக்கவா?" என்பேன். வாய்க்கு வாய் கொடுக்காமல் எனக்குப் பழக்கமில்லை.

டியூபை வைத்திருப்பதுதான் இந்த வேலையில் பெரிய பாடு. எடுத்த கையோடு பேட்டுக்குப் போட்டால் பிரச்சினை இல்லை. ஆனால் பேடுகள் முட்டையிட்டு முடித்து மத்தியானத்துக்குப் பிறகுதான் அதற்கு நல்ல நேரம். தவிர, பண்ணையின் இரண்டாவது ஷெட் ஓடைக்கு அந்தப் பக்கம், த்ரீவீலில் சுற்றிக்கொண்டு போக வேண்டும். சும்மா வைத்தால் ஒரு மணித்தியாலம்கூடத் தாங்காது. அதனால் மருந்துத் தண்ணீர் சேர்த்து, மெதுவாகக் குளிரவைத்து, ஐஸ் பெட்டியில் வைப்போம். குளிரில் வைத்தால் அது அடங்கிப்போய், இருக்கிற தெம்பைச் செலவழிக்காமல் கிடக்கும். அடுத்த நாள் வரைகூட இருக்கும், என்ன, நேரம் போகப் போகத் தரம் இறங்கும். ஆனால் ஒன்று. குளிர் வேண்டும், ஐஸ் படக் கூடாது. டியூபுக்குப் பஞ்சுத் துணி சுற்றி, ஐஸுக்கும் அதற்கும் நடுவில் இடம் விட்டு வைக்க வேண்டும். ஆட்டக் கூடாது. ஒருமுறை குளிர்ந்ததைச் சூடாக்கி மறுபடி குளிரவைக்கக் கூடாது.

பண்ணைக்கு வரும் மிருக டொக்டர் ஒரு சிங்களப் பெண். நாங்கள் டொக்டர் நோனா என்போம். கத்தமாட்டார், கோபம் வந்தால் மௌனமாகிவிடுவார். ஒருநாள் மருந்துத் தண்ணீரில் கலந்த ஒரு சொட்டை மைக்ரோஸ்கோப்பில் வைத்து என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். அரிசி உலை கொதிப்பது மாதிரிச் சுழன்று சுழன்று வந்தது. இவ்வளவு உயிரா இதற்குள் என்று கண்ணை எடுக்க முடியவில்லை. பிறகு ஐஸ் பெட்டியில் துணி அவிழ்ந்து ஐஸில் சாய்ந்து கிடந்த டியூபில் ஒரு சொட்டு. எல்லாம் வால் சுருண்டு, அசைவே இல்லாமல் கிடந்தன. நோனா அதை அப்படியே வெளியே தண்ணீர் ஓடும் கானில் ஊற்றினார். அன்று பின்னேரம் முழுக்க எனக்கு மனசே சரியில்லை.

இதையெல்லாம் வீட்டுக்கு வந்து கொட்டுவது என் வழக்கம். என் புருஷன் ரப்பர் பால் வெட்டுகிறவர். விடியும் முன்னே கத்தியோடு மலைக்குப் போய்விட்டு, பால் எடுத்து, ஸ்டோரில் கொட்டி, மத்தியானம் வீட்டுக்கு வந்துவிடுவார். நான் வரும்போது விரல் இடுக்கில் ஒட்டிய பாலை உரித்துக்கொண்டு டீவிக்கு முன்னால் இருப்பார். நான் பேசுவேன், அவர் டீவி பார்ப்பார். செவிடன் காதில் ஊதின சங்குதான் என்று நினைத்துக்கொள்வேன். எப்போதாவது ஒரு வார்த்தை வரும்.

"எங்க பாலும் அப்பிடித்தான். நேரத்துக்குக் கொண்டாந்து கொட்டலன்னா வாளியிலயே கட்டிரும்."

அதோடு சரி. நான் மறுபடியும் பெட்டி, துணி, ஐஸ் என்று ஆரம்பிப்பேன். பண்ணையில் மூடி வெடித்த பழைய ஐஸ் பெட்டி ஒன்றைத் தூக்கிப் போட்டபோது நான் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு வந்தேன். கரண்ட் போகிற நாளில் மீன் வைக்க உதவும் என்று.

எங்களுக்குக் கல்யாணமாகிச் சில வருஷமாகியும் பிள்ளை இல்லை. இந்த ஒரு வாக்கியத்தை எழுதுவது சுகம், லயத்தில் அதோடு இருப்பதுதான் கஷ்டம். அத்தை, அதாவது அவருடைய அம்மா, எங்களோடுதான் இருக்கிறார். ஒரு நாளும் என் முகத்துக்கு நேரே ஒரு வார்த்தை சொன்னதில்லை. வீட்டுக்குப் பின்னால் அவர் வளர்க்கும் நாட்டுக்கோழிகளிடம்தான் சொல்வார். நான் பல் விளக்கும் நேரமாகப் பார்த்து, அரிசிக் குருணையை வீசிக்கொண்டே, "தின்னுறதுக்கு மட்டும் கொறச்சல் இல்ல. ஒரு முட்டைக்கு வழியக் காணோம். மலட்டுக் கோழிய வச்சுக்கிட்டு என்னா செய்ய, கொழம்பு வச்சிர வேண்டியதுதான்" என்பார். அந்தக் கோழி மூன்று வேளையும் முட்டையிட்டாலும் இந்தப் பேச்சு நிற்காது. எனக்குக் கோபம் வந்தால் வாயில் வராது, பாத்திரத்தில் வரும். அந்த வருஷங்களில் எங்கள் வீட்டில் நெளியாத சட்டி கிடையாது.

பைப்படியிலும் கேலியின் குணம் மாறிவிட்டது. "ஊருக்கெல்லாம் குஞ்சு பொரிக்க வைக்கிறியே" என்று ஆரம்பித்து, மிச்சத்தைச் சொல்லாமல் வாளியைத் தூக்கிக்கொண்டு போவார்கள்.

கடைசியில் நான்தான் அவரைப் பிடித்து இழுத்துக்கொண்டு இரத்தினபுரிக்கு ஒரு டொக்டரிடம் போனேன். இரண்டு பேருக்கும் டெஸ்ட் எடுக்க வேண்டும், ஆம்பளைக்கு எடுப்பது சுலபம், அதை முதலில் பார்ப்போம் என்றார் டொக்டர். கஹவத்தை டவுனில் இருந்த ஒரு சின்ன லேப்பில் கொடுக்கலாம் என்று முடிவானது. கொடுக்க வேண்டிய அன்று எனக்குப் பண்ணையில் டியூப் எடுக்கும் நாள்.

"நான் லீவு கேட்டுட்டு வரவா?"

"வேணாம். நான் போய்க்கிறேன்." அதைச் சொல்லும்போதே காது சிவந்துவிட்டது அவருக்கு.

மறுபடி இரத்தினபுரிக்குப் போனபோது டொக்டர் கடுதாசியைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். எண்ணிக்கை இருக்கிறது, ஆனால் ஒன்றுகூட அசையவில்லை. சில மாதம் கழித்து இன்னொரு தடவை எடுத்துப் பார்ப்போம், அதற்குள் முடிவு கட்ட வேண்டாம் என்றும் சொன்னார். அந்தக் கடைசி வார்த்தை என் புருஷன் காதில் விழவே இல்லை என்று நினைக்கிறேன். திரும்பும் பஸ்ஸில் பெல்மதுளை தாண்டும் வரை ஜன்னல் பக்கம் திரும்பியபடியே வந்தார். நான் கையைத் தொட்டேன், எடுத்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. அடுப்படி வாசலில் நின்று, அம்மாவைக் கூப்பிட்டுச் சொன்னார்.

"கொறை எங்கிட்டத்தாம்மா. அவகிட்ட இல்ல. இனிமே அவள ஒன்னும் சொல்லாதீங்க."

அத்தை கையிலிருந்த அகப்பையோடு அப்படியே நின்றார். நான் என் புருஷனுக்குப் பின்னால் வாசலில் நின்றேன். எத்தனை ஆம்பளைகள் இதைச் சொல்வார்கள்? மறைத்திருக்கலாம், டொக்டர் ஒன்றும் சொல்லவில்லை என்று மழுப்பியிருக்கலாம். அந்த நிமிஷம் அவர் மேல் எனக்கு வந்த பாசம் கல்யாணத்தன்றுகூட வரவில்லை.

அதற்குப் பிறகு கோழிகளுக்குப் பேச்சு நின்றது. அத்தை விடியக் காலையில் தேத்தண்ணி ஊற்றி என் கையில் கொண்டுவந்து கொடுக்க ஆரம்பித்தார். முதல் நாள் எனக்கு வாங்கவே கூசியது. பைப்படிக்கும் எப்படியோ சேதி போய், அங்கேயும் எனக்கு வழி விட்டார்கள். வருஷக்கணக்காக என் மேல் கிடந்த மூட்டையை ஒரே வார்த்தையில் தூக்கித் தன் தோளில் போட்டுக்கொண்டார் மனுஷன். நான் நிம்மதியாகத் தூங்கினேன், அதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஆனால் அவர் நொறுங்கிப்போனார். டிவிசனிலேயே பட்டை காயப்படாமல் வெட்டுகிற கை அவருடையது. அந்தக் கை ஆழமாக வெட்டி மரத்தைப் புண்ணாக்க ஆரம்பித்தது, காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்களத்தில் எல்லோர் முன்னாலும் பேச்சு வாங்கினார். பின்னேரம் பந்து விளையாடப் போவதை நிறுத்தினார். பக்கத்துக் காம்பரா வீட்டுக் கைக்குழந்தை அவரைக் கண்டால் தாவும், அது வருகிறது என்றால் இவர் வாளியைத் தூக்கிக்கொண்டு பைப்புக்குப் போய்விடுவார். என்னைத் தொடுவதை விட்டு நாளாகிவிட்டது. ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே, "நீ வேணும்னா வேற பாத்துக்க. நான் ஒன்னும் நெனைக்கமாட்டேன்" என்றார். சட்டி மூடி ஒன்று பறந்தது. அவர் மேல் படவில்லை, சுவரில்தான் பட்டது.

"டொக்டர் இன்னொருக்கா எடுக்கச் சொன்னாரே, எடுங்களேன்" என்று எத்தனையோ தடவை கெஞ்சினேன். கெஞ்சுவது எனக்கு வராது, சண்டையாகத்தான் முடியும்.

"செத்தது செத்ததுதான். மறுபடி எடுத்தா மட்டும் எந்திரிச்சு ஓடுமா?" என்பார்.

மழைக்காலம் வந்தது. மழை பெய்தால் பால் வெட்டு இல்லை, அவர் நாள் முழுக்க வீட்டில் கிடப்பார். அப்படி ஒரு பின்னேரம் நான் நனைந்து, எரிச்சலோடு வந்தேன். பண்ணையில் புதிதாகச் சேர்ந்த ஒருத்தி அன்று டியூபை மொட்டையாக ஐஸ் மேலேயே வைத்துவிட்டாள். எடுத்ததெல்லாம் வீண், சேவல்கள் பட்டினி கிடந்ததும் வீண்.

"எத்தன தடவ சொல்றது? துணி சுத்து, துணி சுத்துன்னு. ஒரு துணி சுத்துறதுக்கு என்னா கேடு?" தலையைத் துவட்டிக்கொண்டே கத்தினேன்.

டீவியை விட்டுக் கண்ணை எடுக்காமல் அவர் சொன்னார். "நான் துணி சுத்தித்தான் வச்சேன்."

"எத?"

"அன்னைக்கு லேப்புக்குக் கொண்டு போனத. ஒன் பெட்டியிலதான் கொண்டு போனேன். ஃப்ரிட்ஜ்ல இருந்த ஐஸப் போட்டு, பழைய சாரத்துணி சுத்தி, ஐஸ் படாம நடுவுல வச்சேன். பஸ்ஸுல ஆடக் கூடாதுன்னு மடியிலயே வச்சிக்கிட்டுப் போனேன்." டீவியின் சத்தத்தைக் குறைத்தார். "ஒரு கொறையும் இல்லாமதான் கொண்டு போனேன். அப்பிடியும் ஒன்னுகூட உயிரோட இல்ல."

நான் துவாயோடு நின்றேன். முதலில் என் மனசில் பட்டது வேறு விஷயம். இந்த மனுஷன் நான் சொன்ன எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். டீவியைப் பார்த்துக்கொண்டே ஒரு வார்த்தை விடாமல் கேட்டு, மனசில் வைத்து, தன் வாழ்க்கையிலேயே கூச்சமான ஒரு நாளில் என் வேலையை நம்பி அதன்படியே செய்திருக்கிறார். அதற்குப் பிறகுதான் இன்னொன்று குத்தியது. அது சேவலுக்குச் சொன்ன விதியாயிற்றே.

"லேப்புல எப்பிடி வைக்கணும்னு சொல்லலயா?"

"அங்கயே எடுக்கச் சொன்னாங்க. கக்கூஸுக்கு வெளியில வரிசையா ஆளுங்க, என்னால முடியல. வீட்டுலருந்து கொண்டாறேன்னேன். லேப்புல இருந்த புள்ள என்னென்னமோ சொல்லிச்சு. என் தங்கச்சி வயசு அதுக்கு. மொகத்தப் பாத்து எப்பிடி நிக்கிறது? இக்மனட்ட கேன்ன, சீக்கிரமா கொண்டாங்கன்னு சொன்னது கேட்டிச்சு. மிச்சத்துக்கு நான் நிக்கல."

அவருக்குச் சிங்களம் தண்ணி பட்ட பாடு. மொழி தெரியாமல் வந்த வினை இல்லை. வெட்கத்தால் வந்தது.

மறுநாள் டொக்டர் நோனாவிடம் கேட்டேன். யாரோ சொந்தக்காரருக்கு என்று பொய்தான் சொன்னேன். சேவலுக்குச் செய்கிற மாதிரி ஐஸில் வைத்து மனுஷனுடையதைக் கொண்டுபோனால் என்ன ஆகும்?

நோனா கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தவர் அப்படியே நின்றார். "அனே, பிஸ்ஸுத?" என்றார். பைத்தியமா என்று. பிறகு சிங்களத்தில் பொறுமையாக விளக்கினார். ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு குணம். மாட்டினுடையதைப் பக்குவம் செய்து உறையவைத்தே வைத்திருப்பார்கள். பன்றியினுடையதைக் கடும் குளிரில் வைத்தால் அன்றோடு சரி. சேவலுக்கு உடம்புச் சூடு நம்மைவிட அதிகம், ஆனாலும் அதனுடையது குளிரைத் தாங்கும். மனுஷனுடையதை டெஸ்டுக்குக் கொண்டுபோகிறபோது உடம்புச் சூட்டிலேயே வைத்து, ஒரு மணித்தியாலத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். ஐஸில் வைத்தால் நல்லதுகூட அசையாமல் போகும், அந்த டெஸ்டை வைத்து எதுவும் சொல்ல முடியாது என்றார். கடைசியில் என் முகத்தைப் பார்த்துவிட்டு, யாருக்கு என்று கேட்காமலே, "மறுபடி எடுக்கச் சொல்லு" என்றார்.

அன்று பஸ் இறங்கி லயத்துக்கு ஏறும் வழியெல்லாம் இதைத்தான் சுமந்துகொண்டு போனேன். சந்தோஷம் இருந்தது. சந்தோஷத்துக்கு அடியில் ஒரு பயமும் இருந்தது. அவரிடம் குறை இல்லை என்றாகிவிட்டால் பிறகு யாரிடம்? விடியக் காலைத் தேத்தண்ணி நினைவுக்கு வந்தது. பைப்படியில் விட்ட வழி நினைவுக்கு வந்தது. வாயை மூடிக்கொண்டு இருந்தால் எல்லாம் இப்படியே இருக்கும். வாசலுக்கு வந்தபோது அவர் குந்தியிருந்து வெட்டுக் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார். முதுகு கூனிப்போய், முள்ளெலும்பு சட்டைக்கு மேலே தெரிந்தது. கையில் இருந்த பையைக்கூடக் கீழே வைக்கவில்லை, அங்கேயே சொல்லிவிட்டேன்.

வெகுநேரம் தீட்டிக்கொண்டே இருந்தார். பிறகு கத்தியைக் கீழே போட்டார்.

"நீதான சொன்ன, குளிரா வச்சாத்தான் உயிரோட இருக்கும்னு? தெனமும் அதத்தான சொன்ன?"

"நான் சேவலச் சொன்னேங்க. ஒங்களயா சொன்னேன்?"

அவர் என்னைப் பார்த்தார். உதடு ஒரு பக்கமாக இழுத்தது, சிரிப்பா அழுகையா என்று எனக்குப் பிடிபடவில்லை. எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அந்த முகத்தில் ஏதோ அசைந்தது.

"மறுபடியும் அப்பிடியே வந்திச்சுன்னா?"

"வந்தா வரட்டும். ஆனா இந்தத் தடவ நான் கொண்டு போறேன். எங்கிட்ட குடுத்துருங்க."

ஒத்துக்கொள்ள வைக்க ஒரு மாதம் பிடித்தது. நான் பண்ணையில் லீவு சொன்னேன். அவர் கொடுத்த சின்னப் போத்தலை ஃபிளனல் துணியில் சுற்றி, ரவிக்கைக்குள்ளே நெஞ்சோடு ஒட்டி வைத்து, மேலே ஒரு ஸ்வெட்டரும் போட்டுக்கொண்டேன். தோட்டத்து பஸ் வழக்கம்போல நெருக்கடி. அவர் எனக்கு முன்னால் நாலு சீட் தள்ளி நின்று, என்னை யாரென்றே தெரியாதவர் மாதிரி வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஒரு கையால் கம்பியைப் பிடித்து, ஒரு கையை நெஞ்சில் வைத்து அமுக்கியபடி நின்றேன். வளைவுக்கு வளைவு யாராவது என் மேல் சாய்ந்தார்கள். முழங்கையால் இடித்தே தள்ளினேன்.

பக்கத்தில் நின்ற அக்கா, "என்னாம்மா, நெஞ்சு வலியா?" என்றார்.

"ஆமா அக்கா."

"அய்யோ, இந்த வயசுலயா" என்று சீட்டில் இருந்தவரை எழுப்பி என்னை உட்காரவைத்தார். வழியில் மழைக்கு மண் சரிந்து பாதிப் பாதை அடைபட்டிருந்தது. பஸ் நின்றது. டிரைவர் இறங்கிப்போய் யாரோடோ நின்று கதைத்துக்கொண்டிருந்தார். எனக்கு வந்த ஆத்திரத்தில் நெஞ்சு அடித்த அடிக்கு, உள்ளே இருந்த போத்தலே துடிப்பது போலிருந்தது. பிள்ளைக்குத்தான் நெஞ்சுச் சூடு என்பார்கள், அதற்கு எத்தனையோ படி முந்தியதற்கு அன்று என் சூட்டைக் கொடுத்தேன். ஒருவழியாக பஸ் நகர்ந்தது.

லேப்பில் அந்தப் பெண் போத்தலைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "ரஸ்னெய். ஹரி" என்றாள். சூடாக இருக்கிறது, சரி. அவ்வளவுதான் சொன்னாள். எனக்கு அங்கேயே உட்கார்ந்து அழ வேண்டும்போல இருந்தது.

இரத்தினபுரியில் டொக்டர் இந்த முறை குரலைத் தாழ்த்தவில்லை. நன்றாக ஓடுகிறது, ஒரு குறையும் இல்லை என்றார். பிறகு கடுதாசியை மடித்துவிட்டு என் பக்கம் திரும்பி, "இனி உங்களுக்குப் பார்ப்போம்" என்றார். என் புருஷனுக்கு அதுவும் காதில் விழவில்லை. வராந்தாவில் எல்லோரும் பார்க்க என் கையைப் பிடித்துக்கொண்டார். டவுனில் இறங்கியதும் முஸ்லிம் நானா கடையில் பெரிய துண்டாக மஸ்கட் அல்வா வாங்கினார். மேலே ஏறும்போது எனக்கு முன்னால் நடந்தார், முதுகு நிமிர்ந்திருந்தது. அந்த முதுகைப் பார்க்க எனக்கு ஆசையாகத்தான் இருந்தது.

அன்று நின்ற அதே அடுப்படி வாசல்தான்.

"அம்மா, எங்கிட்ட ஒரு கொறையும் இல்லயாம். டொக்டரே சொல்லிட்டாரு."

அத்தை முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மஸ்கட்டை வெட்டித் தட்டில் வைத்து, லயத்தில் வீடு வீடாகக் கொண்டு போனார். ஒவ்வொரு வாசலிலும் அவர் சொன்னது எனக்கு உள்ளே கேட்டது. "எம்மகன்கிட்ட ஒரு கொறையும் இல்லயாம்." ஒருவரும் அதற்கு மேலே கேட்கவில்லை. கேட்கவும் தேவையில்லை, பாதியைச் சொன்னால் மீதி தானே வந்து நிற்கும்.

என் புருஷனுக்கும் கேட்டது. கேட்காமல் இருக்க முடியாது, தகரக் கூரை, பலகைத் தடுப்பு. நான் அடுப்படியில் நின்று அவரைப் பார்த்தேன். ஒரு வார்த்தை சொல்வார் என்று காத்திருந்தேன். அன்று, அவகிட்ட இல்ல என்று சொன்னாரே, அந்த மாதிரி ஒன்று. அவளுக்கு இன்னும் பாக்கவே இல்லம்மா என்றாவது. அவர் ரிமோட்டை எடுத்து டீவியின் சத்தத்தைக் கூட்டினார். எனக்கு ஆத்திரம் வந்தது. ஆனால் அன்று ஒரு சட்டியும் நெளியவில்லை. அதுதான் எனக்கே பயமாக இருந்தது.

மறுநாள் காலையில் தேத்தண்ணி வரவில்லை. அவர் மலைக்குப் போய்விட்டார். நான் பல் விளக்கப் பின்பக்கம் போனபோது அத்தை குருணையை வீசிக்கொண்டிருந்தார்.

"தின்னுறதுக்கு மட்டும் கொறச்சல் இல்ல" என்று ஆரம்பித்தார்.

நான் வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட்டு அவருக்கு முன்னால் போய் நின்றேன்.

"அத்தை, அடுத்த கிழமை நான் இரத்தினபுரிக்குப் போறேன். என்ன வந்தாலும் ஒங்க மகன் சொன்ன மாதிரி நானே வந்து என் வாயால ஒங்ககிட்ட சொல்றேன். அதுவரைக்கும் கோழிகிட்ட சொல்லாதீங்க. எதுன்னாலும் எங்கிட்டயே சொல்லுங்க."

அத்தையின் கை குருணையோடு நின்றது. கோழிகள் அவர் காலைச் சுற்றிச் சுற்றி வந்தன. நான் உள்ளே போய்த் தேத்தண்ணி ஊற்றிக் குடித்தேன், அத்தை வந்தால் குடிக்க ஒரு கோப்பை மூடி வைத்தேன். பிறகு பண்ணைக்கு இறங்கினேன். அன்று டியூப் எடுக்கும் நாள்.

என் புருஷனுடையதை நான் நெஞ்சில் வைத்துக் கொண்டு போனேன். இரத்தினபுரிக்கு என்னோடு யார் வருகிறார்கள் என்று அவர் இன்னும் கேட்கவில்லை.